ஜப்பானின் யூஷியோ வகை நீர்மூழ்கிகள்: இவ்வளவு சீக்கிரம் ஏன் ஓய்வு கொடுத்தார்கள்?

#1 ஆழிக்குரல்

ஜப்பான் நீர்மூழ்கிகள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் சோர்யூ, தைகெய் என்று இப்போதைய கப்பல்களுக்குத் தாவிவிடுகிறார்கள். வெளிக்காற்று இல்லாமலே ஓடும் ஸ்டர்லிங் என்ஜின், லித்தியம் பேட்டரி எல்லாம் சரிதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர அடித்தளம் போட்ட ஒரு வகையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை.

யூஷியோ வகையின் முதல் கப்பல் 1980 பிப்ரவரியில் கடல்சார் தற்காப்புப் படையில், அதாவது ஜப்பானியக் கடற்படையில், சேர்ந்தது. பத்தாவதும் கடைசியுமான சச்சிஷியோ 1989 மார்ச்சில். நடுவில் ஒரு வருடம்கூடத் தவறவில்லை, வருடத்துக்கு ஒன்று. கோபே நகரத்தில் மித்சுபிஷிக்கும் கவாசாகிக்கும் கப்பல் கட்டும் தளங்கள் உண்டு. ஒரு வருடம் இவர்கள், அடுத்த வருடம் அவர்கள் என்று மாற்றி மாற்றிக் கட்டினார்கள்.

நீளம் 76 மீட்டர், அகலம் 9.9 மீட்டர், எடை 2,200 டன். இரண்டு டீசல் என்ஜின், ஒரு மின் மோட்டார், ஒரே ப்ரொப்பெல்லர். வேகம் நீர்மட்டத்தில் 12 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), மூழ்கிய நிலையில் 20 நாட். இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே கப்பலின் குணம் தெரிந்துவிடும். மேலே ஓடுவதற்காகச் செய்த கப்பல் இல்லை இது. உடல் நீர்த்துளி வடிவம். இரண்டாம் உலகப்போர்க் கால நீர்மூழ்கிகள் மேலே வேகமாக ஓடி, தேவைப்படும்போது மட்டும் மூழ்கியவை. அமெரிக்கர்கள் 1950-களில் ஆல்பகோர் என்ற சோதனைக் கப்பலில் இந்த வடிவத்தை நிரூபித்த பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. ஜப்பான் 1971-இல் உசுஷியோ வகையில் அதை எடுத்துக்கொண்டது. அதன் அடுத்த படிதான் யூஷியோ.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் முன்பகுதி அமைப்பு. மூக்கு முழுவதையும் நீருக்குள் ஒலி கேட்டு மற்ற கப்பல்களைக் கண்டுபிடிக்கும் சோனாருக்கு ஒதுக்கிவிட்டார்கள். என்ஜின், ப்ரொப்பெல்லர் சத்தத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடம் அதுதான், காது அங்கேதான் இருக்க வேண்டும். அப்படியானால் டார்பிடோ குழாய்கள்? ஆறையும் உடலின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, சற்றே வெளிநோக்கிச் சாய்த்து வைத்தார்கள். அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்த ஏற்பாட்டை ஒரு டீசல் கப்பலுக்குள் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை. ஐந்தாவது கப்பலான நடாஷியோவிலிருந்து கப்பல்களைத் தாக்கும் ஹார்ப்பூன் ஏவுகணையும் இதே குழாய்கள் வழியாகப் போனது.

இப்போது என் கேள்வி. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய கப்பல்களை 17, 18 வருடத்திலேயே ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்? 1989-இல் வந்த சச்சிஷியோவே 2006-இல் போய்விட்டது. எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முதலில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 குறுக்குக்கேள்வி

பதில் எளிது நண்பரே. கையில் பணம் இருந்தது, செலவழித்தார்கள். நம் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி 1987-இல் சேர்ந்து 2022 வரை, 35 வருடம் ஓடியது. தைவானிடம் இருக்கும் ஹாய் ஷி 1945-இல் அமெரிக்காவில் கட்டியது. 2020-களிலும் அதைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். பராமரித்தால் கப்பல் ஓடும். பதினேழு வயதில் ஒரு நீர்மூழ்கியை உடைக்கக் கொடுப்பது வரி கட்டுபவன் வயிற்றில் அடிப்பது. இதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

#3 ஆழிக்குரல்

இந்த இடத்தில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை. கப்பலின் வயதைப் பார்த்து ஓய்வு கொடுக்கவில்லை, எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 1976-இல் ஜப்பான் அரசு வகுத்த பாதுகாப்புத் திட்ட வரையறையில் நீர்மூழ்கிகள் 16 என்று எழுதி வைத்துவிட்டது. வருடத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது, மொத்தம் 16-ஐத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் பதினேழாவது வரும்போது மூத்தது வெளியே போயே ஆக வேண்டும். சில கப்பல்களைக் கடைசிக் காலத்தில் பயிற்சிக் கப்பலாக மாற்றிக் கொஞ்சம் நீட்டித்தார்கள். யூஷியோவே அப்படித்தான் முடிந்தது.

இதற்கு நல்ல சாட்சி பிற்பாடு கிடைத்தது. 2010-இல் அந்த எண்ணை 22 ஆக உயர்த்தினார்கள். உடனே வருடத்துக்கு இரண்டு கட்டத் தொடங்கினார்களா? இல்லை. கட்டும் வேகம் அதேதான். பழையவற்றின் ஓய்வை மட்டும் தள்ளிப்போட்டார்கள். அப்படியே மெதுவாக ஏறி, 2022 மார்ச்சில் தைகெய் சேர்ந்தபோது 22-ஐத் தொட்டார்கள். ஓயாஷியோ வகைக் கப்பல்கள் இருபது வருடம் தாண்டியும் ஓடுகின்றன. ஆக, கப்பலுக்குள் உயிர் இருந்தது. அந்த உயிரைத் தெரிந்தேதான் கைவசம் வைத்திருந்தார்கள். நெருக்கடி வந்தால், ஒரு கப்பல்கூடக் கூடுதலாகக் கட்டாமல் படையைப் பெருக்க முடியும் என்ற நிலை அது.

#4 டீசல்முருகன்

சுவையான இழை. நான் வணிகக் கப்பல்களில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடற்படை அனுபவம் கிடையாது. ஆனால் டீசல் என்ஜினோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

யூஷியோவில் இருந்தவை கவாசாகி நிறுவனம் மான் (MAN) என்ற ஜெர்மன் நிறுவனத்தின் உரிமத்தில் கட்டிய இரண்டு டீசல்கள். அவை ப்ரொப்பெல்லரை நேராகச் சுற்றுவதில்லை. ஜெனரேட்டரைச் சுற்றி பேட்டரியை ஏற்றுவதுதான் வேலை. மூழ்கிய பிறகு பேட்டரி, மோட்டார் மட்டும்தான். மோட்டார் 7,200 குதிரைத்திறன். தம்பிகள் கவனிக்க வேண்டியது இது: தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. அதனால் 20 நாட் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும், அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஈய-அமில பேட்டரி படுத்துவிடும். மூன்று நான்கு நாட் வேகத்தில் ஊர்ந்தால் நாட்கணக்கில் இருக்கலாம். டீசல் நீர்மூழ்கிக் கேப்டன் டார்பிடோவை எண்ணுவதைவிட அதிகமாக பேட்டரி சதவீதத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஸ்னோர்கெல். பேட்டரி இறங்கினால் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து, காற்றுக் குழாயை மட்டும் மேலே நீட்டி டீசலை ஓட்ட வேண்டும். அலை வந்து குழாயின் தலையை மூடினால் அங்கே இருக்கும் வால்வு பட்டென்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் என்ஜினுக்கு அது தெரியாதே. அது பாட்டுக்குக் காற்றை இழுக்கும், கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கும். உள்ளே அழுத்தம் இறங்கும், எல்லோருக்கும் காது அடைக்கும். அலை விலகினால் வால்வு திறந்து காற்று மளமளவென்று உள்ளே பாயும், மறுபடி காது. கடல் கொந்தளிப்பாக இருந்தால் இது மணிக்கணக்கில் நடக்கும், நடுவில் தூங்குபவனும் தூங்க வேண்டும். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் என்ஜின் தானே நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். இந்த நேரத்தில்தான் நீர்மூழ்கி அதிகச் சத்தம் போடும், ரேடாரிலும் மாட்டும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜப்பான் அடுத்த வகையான ஹருஷியோவின் கடைசிக் கப்பல் அசாஷியோவை வெட்டி, நடுவே ஒரு துண்டு சேர்த்து நீட்டி, ஸ்டர்லிங் என்ஜின் வைத்துச் சோதித்தது. அது 2001-இல் கடலுக்குத் திரும்பியது. யூஷியோ தலைமுறைக்கு அந்த வசதி கிடைக்கவே இல்லை. கடைசி வரை ஸ்னோர்கெல்தான்.

#5 இளவேனில்

எனக்கு ஒரு சந்தேகம். யூஷியோவின் உடல் என்.எஸ்.80 எஃகு என்று படித்தேன். அமெரிக்கர்கள் 1960-களிலேயே எச்.ஒய்.80 பயன்படுத்திவிட்டார்களே. அப்படியானால் ஜப்பான் இருபது வருடம் பின்தங்கி இருந்ததா?

#6 வெல்டிங்மணி

இல்லை தம்பி. இரண்டிலும் 80 இருக்கிறதே தவிர அளவுகோல் வேறு. அமெரிக்க எண் சதுர அங்குலத்துக்கு எத்தனை ஆயிரம் பவுண்டு தாங்கும் என்பது. ஜப்பானிய எண் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. மாற்றிப் பார்த்தால் எச்.ஒய்.80 சுமார் 550 மெகாபாஸ்கல், என்.எஸ்.80 சுமார் 785. உசுஷியோவில் பயன்பட்ட என்.எஸ்.63-கூட 618 வரும். யூஷியோவுக்குப் பின்னால் வந்த ஹருஷியோவில் சில பகுதிகளுக்கு என்.எஸ்.110 வந்தது, அது 1,000-ஐத் தாண்டும். பின்தங்கியிருந்தார்கள் என்று சொல்லவே முடியாது.

கப்பல் தளத்தில் வெல்டிங் சோதனை பார்ப்பவன் நான். இப்படிப்பட்ட எஃகு எவ்வளவு படுத்தும் என்று சொல்கிறேன். எஃகு வலுவாக ஆக ஆக, வெல்டிங் பக்கத்தில் ஹைட்ரஜனால் விரிசல் விடும் ஆபத்து கூடும். அதுவும் உடனே விடாது. வெல்டிங் முடிந்து, ஆறி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட பிறகு, மறுநாளோ அதற்கு மறுநாளோ உள்ளுக்குள் விடும். அதனால் தகட்டை முன்கூட்டியே சூடாக்க வேண்டும், வெல்டிங் குச்சியை அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, சூடாறாமல் எடுத்து வர வேண்டும், முடித்தபின் காத்திருந்து மறுபடி சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு குச்சி ஒரு மணி நேரம் வெளியே கிடந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடு என்பேன். சாதாரணச் சரக்குக் கப்பலில் பழகிய ஆளைக் கொண்டுவந்து இதில் நிறுத்த முடியாது. கை பழக வருடங்கள் ஆகும், பழகிய கை சும்மா இருந்தால் போய்விடும்.

ஆழிக்குரல் சொன்ன வருடத்துக்கு ஒன்று கணக்கு எனக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் புரிகிறது. யூஷியோ மூழ்கக்கூடிய ஆழத்தைப் பொறுத்தவரை, 450 மீட்டர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஜப்பான் அதை வெளியிடுவதில்லை.

#7 ஆழிக்குரல்

மணி அண்ணா, நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். பிரிட்டன் வான்கார்ட் வகை நீர்மூழ்கிகளை முடித்துவிட்டு அஸ்டூட் வகையைத் தொடங்கியபோது நடுவே இருந்த இடைவெளியில் வடிவமைப்பாளர்களும் தொழிலாளர்களும் கலைந்துபோயிருந்தார்கள். திட்டம் பல வருடம் பிந்தியது, செலவு ஏறியது, கடைசியில் அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் நிறுவனத்திலிருந்து ஆட்களை உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. மும்பை மசகான் தளத்தின் கதையும் அதுதான். ஜெர்மானியரிடம் கற்றுக்கொண்டு 1992-இல் ஷல்கி, 1994-இல் ஷங்குல் என்று இரண்டு கட்டினார்கள். அதோடு நின்றது. அடுத்த நீர்மூழ்கி கல்வரி 2017-இல்தான் சேர்ந்தது. கற்றதையெல்லாம் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

குறுக்குக்கேள்வி நண்பர் வரிப்பணம் என்றார். வரிசை நின்றுபோனால் ஆகும் செலவையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

#8 குறுக்குக்கேள்வி

அந்த வாதம் நியாயம்தான், அதை மறுக்கவில்லை. கட்டுவதை நிறுத்தாதே என்பது ஒன்று, ஓடும் கப்பலை உடை என்பது வேறு. பத்துக் கப்பலையும் வேறு நாட்டுக்காவது விற்றிருக்கலாமே? தென்கிழக்கு ஆசியாவில் அப்போது வாங்க ஆள் இருந்திருக்கும்.

#9 நெய்தல்

விற்க வழியில்லை. நான் ஹிரோஷிமா பக்கம் குடியிருக்கிறேன், இங்கே இது பெரிய விவாதப் பொருள். 1967-இல் அறிவித்து 1976-இல் இறுக்கிய ஆயுத ஏற்றுமதிக் கொள்கையால் நடைமுறையில் ஜப்பான் ஆயுதம் விற்கவே இல்லை. 2014 ஏப்ரலில்தான் அது தளர்ந்தது. அதற்குள் யூஷியோ வகையில் ஒன்றுகூடப் பணியில் இல்லை. தளர்ந்த பிறகு ஆஸ்திரேலியாவுக்கு சோர்யூவை விற்க முயன்று 2016-இல் பிரான்சிடம் தோற்றார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கப்பல்களின் வேலை சோவியத் பசிபிக் படையைக் கவனிப்பது. விளாடிவஸ்டாக்கிலிருந்து புறப்பட்டால் சோயா, சுகாரு, சுஷிமா ஆகிய நீரிணைகளில் ஒன்றின் வழியாகத்தான் திறந்த கடலுக்கு வர வேண்டும். அங்கே சத்தமில்லாமல் கிடந்து காது கொடுப்பதுதான் யூஷியோவின் வாழ்க்கை. 1987-இல் தோஷிபா மெஷின் விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். அந்த நிறுவனம் பல அச்சுகளில் இயங்கி உலோகத்தைச் செதுக்கும் இயந்திரங்களை சோவியத்துக்கு விற்றதால் அவர்களின் ப்ரொப்பெல்லர் சத்தம் குறைந்தது என்று அமெரிக்கா கொதித்தது. எதிரி அமைதியாக ஆனால் கேட்பவன் காது கூர்மையாக வேண்டும். யூஷியோ கப்பல்களில் பின்னால் இழுத்துச் செல்லும் சோனார் வரிசையைப் பொருத்தத் தொடங்கியதும் அந்தக் காலம்தான். அப்படிப்பட்ட கப்பலை வேறொருவர் கையில் கொடுக்க எந்த அரசுக்கும் மனம் வராது.

#10 இரண்டாம்மேட்

இழையில் இவ்வளவு பேசிவிட்டோம், நடாஷியோ என்ற பெயர் ஹார்ப்பூன் கணக்கில் மட்டும் வந்து போய்விட்டது. ஜப்பானில் இந்த வகையின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏவுகணை இல்லை. முப்பது பேர் இறந்தார்கள்.

1988 ஜூலை 23, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி தாண்டிய நேரம். டோக்கியோ வளைகுடாவின் வாய், யோகோசுகாவுக்கு வெளியே. நடாஷியோ பயிற்சி முடித்து, நீர்மட்டத்தில், கப்பல் போக்குவரத்துப் பாதையைக் குறுக்காகக் கடந்து மேற்கே துறைமுகம் நோக்கி வந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து தெற்கே டைஇச்சி ஃபுஜி மாரு என்ற மீன்பிடிச் சுற்றுலாப் படகு வந்தது. 154 டன், உள்ளே 48 பேர். அனுமதித்ததைவிடக் கூடுதல். பெரும்பாலோர் வார இறுதிக்குத் தூண்டில் போடக் கிளம்பியவர்கள்.

கடல் போக்குவரத்து விதி படித்த யாருக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் பதில் ஒன்றுதான். இரண்டு கப்பல் குறுக்கே வரும்போது மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பவன் விலக வேண்டும். மேற்கே போகும் நடாஷியோவுக்கு வடக்கு வலப்பக்கம். விலக வேண்டியது நடாஷியோ. அதுவும் முன்கூட்டியே, எதிராளிக்குத் தெளிவாகத் தெரியும்படி விலக வேண்டும். பக்கத்தில் ஒரு பாய்மரப் படகும் இருந்தது, அதைக் கவனித்ததில் நேரம் போனது. கடைசியில் நடாஷியோ வலது பக்கம் திரும்பியது. ஃபுஜி மாரு அதே நேரம் இடது பக்கம் திரும்பியது. இரண்டும் ஒரே இடத்துக்கு வந்தன. படகு நீர்மூழ்கியின் முன்பகுதி மேல் ஏறி, சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அறைகளுக்குள் இருந்து வெளியே வர முடியாதவர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மக்களைக் கொதிக்க வைத்தது. தண்ணீரில் கிடந்தவர்களில் நடாஷியோ மீட்டது மிகச் சிலரை மட்டுமே. மற்றவர்களைக் காப்பாற்றியவை அந்த வழியாக வந்த வேறு கப்பல்கள். கடலோரக் காவல் அமைப்புக்குத் தகவல் போகவும் தாமதமானது. மோதிய நேரம் பற்றிய கப்பல் பதிவு பின்னால் மாற்றி எழுதப்பட்டது வெளியே வந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சகத்தின் இடத்தில் இருந்த தற்காப்பு முகமையின் தலைவர் கவாரா சுதோமு பதவி விலகினார்.

யூஷியோ வகையின் வரலாற்றை எழுதுபவர் இதை ஓரமாக வைக்கக் கூடாது.

#11 ஆழிக்குரல்

ஓரமாக வைக்கும் எண்ணம் இல்லை. ஆனால் ஒரு வகையின் பத்துக் கப்பல்கள், கால் நூற்றாண்டுப் பணி. அதை ஒரு பிற்பகலால் அளக்க முடியுமா? ஃபுஜி மாரு இடது பக்கம் திரும்பியதும் விதிக்குப் புறம்பானதுதானே? 1990-இல் உயர்நிலைக் கடல் விபத்து விசாரணை இரண்டு தரப்பையும் சம அளவில்தான் வைத்தது.

#12 இரண்டாம்மேட்

விசாரணைகளை முழுதாகச் சொல்லுங்கள் நண்பரே. 1989-இல் யோகோகாமாவில் நடந்த முதல் விசாரணை நடாஷியோ மீதுதான் முக்கியப் பொறுப்பை வைத்தது. 1990-இல் மேல் விசாரணை இரண்டையும் சமமாக்கியது, உண்மை. பிறகு 1992-இல் யோகோகாமா நீதிமன்றத்தில் குற்ற வழக்குத் தீர்ப்பு வந்தது. இரண்டு கேப்டன்களும் குற்றவாளிகள், இருவருக்கும் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் நீர்மூழ்கிக் கேப்டனுக்கு இரண்டரை வருடம், படகுக் கேப்டனுக்கு ஒன்றரை வருடம். யார் பங்கு பெரிது என்று நீதிமன்றம் நினைத்தது அந்த எண்களில் இருக்கிறது.

இடது திருப்பம் பற்றிக் கேட்டீர்கள். நேராகப் போகும் உரிமை உள்ள கப்பல், மற்றவன் விலகாமலே வருகிறான் என்று தெரிந்ததும் தானே ஏதாவது செய்ய விதி இடம் கொடுக்கிறது. ஆனால் தன் இடப்பக்கம் இருக்கும் கப்பலுக்காக இடது பக்கம் திரும்பாதே என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, படகின் திருப்பம் தவறு. அந்தத் தவறு எங்கே பிறந்தது என்று பாருங்கள். விலக வேண்டியவன் விலகவில்லை, நெருங்கிவிட்டான், நொடிகள்தான் இருக்கின்றன. நான் கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் நின்றவன். அந்த நொடிகளில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். போர்க்கப்பல் வந்தால் சின்னப் படகுதான் ஒதுங்கிக்கொள்ளும் என்று ஒரு பழக்கம் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு. விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. நீர்மட்டத்தில் ஓடும் நீர்மூழ்கி சாதாரணமான ஒரு மோட்டார் கப்பல், அவ்வளவுதான்.

முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மேலே ஓடுவதற்காகச் செய்த கப்பல் இல்லை என்று. அதை அழகாகச் சொன்னீர்கள். அந்த வடிவத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் அதே வரியில் சேர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

#13 டீசல்முருகன்

இரண்டாம்மேட் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. என்ஜின் அறைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நீர்த்துளி உடல் நீர்மட்டத்தில் மூக்கை நீருக்குள் புதைத்துக்கொண்டுதான் போகும். வெளியே தெரிவது கோபுரமும் முதுகின் ஒரு பட்டையும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது 76 மீட்டர் கப்பல் என்றே தெரியாது, எந்தத் திசையில் திரும்புகிறது என்பதும் புரியாது. மேல்தளம் வழுவழுப்பான வளைவு, கைப்பிடிக் கம்பி கிடையாது. அதிலிருந்து ஆளை மீட்பதும் கஷ்டம். இது காரணம்தான், சாக்கு இல்லை. இப்படிப்பட்ட உடலை வைத்துக்கொண்டு நெரிசலான வளைகுடாவுக்குள் வருபவர் இரண்டு மடங்கு சீக்கிரம் விலக வேண்டும்.

இது அந்தக் காலத்தோடும் முடியவில்லை. 2006 நவம்பரில் நான் முன்பு சொன்ன அசாஷியோ, மியாசாகிக்கு அப்பால் மேலே வரும்போது ஒரு டாங்கரில் இடித்தது. 2021 பிப்ரவரியில் ஜப்பானின் கொச்சி மாகாணக் கடலில் சோர்யூ மேலே வரும்போது ஓஷன் ஆர்டெமிஸ் என்ற சரக்குக் கப்பலில் இடித்தது. கோபுரத்துத் தகவல் தொடர்புக் கருவிகள் உடைந்து, கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் தலைமையகத்துக்குச் சொல்ல முடிந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேலே ஆகிவிட்டது. நல்லவேளை, இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை.

#14 ஆழிக்குரல்

இரண்டாம்மேட் கேட்டது நியாயமான வேண்டுகோள். நடாஷியோ அந்த விபத்துக்குப் பிறகும் பழுது பார்க்கப்பட்டு 2001 ஜூன் வரை பணியில் இருந்தது. அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன், வகையின் கதையில் அதுவும் ஒரு பகுதி.

என் நிலைப்பாடு மாறவில்லை, அதோடு இன்னொன்று சேர்கிறது. வருடத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கு தளத்தில் இருப்பவர்களின் கையைக் காப்பாற்றியது. பதினாறு என்ற எண் பணியாளர்களுக்கும் ஒரு வரம்பாக இருந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் 75 பேர் அளவில் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். கப்பலை வைத்துக்கொண்டு ஆள் இல்லாமல் தவிப்பதைவிட, இருக்கும் ஆட்களைப் புதுக் கப்பலுக்கு மாற்றுவது மேல்.

#15 குறுக்குக்கேள்வி

ஆள் கணக்கை யாரும் முதலில் சொல்லவில்லையே. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வலுவான வாதமாகப் படுகிறது. அப்படியும் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். 2010-க்குப் பிறகு ஓய்வைத் தள்ளிப்போட முடிந்தது என்றால், 1999-இலும் முடிந்திருக்கும். 16 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை, அரசு எழுதியது. சோவியத் போன பிறகு யாரும் அதை மாற்ற அவசரப்படவில்லை, அவ்வளவுதான். யூஷியோ வகை அந்த அவசரமின்மைக்கு இரையானது என்பேன். ஜப்பான் ஓய்வு கொடுத்த விதத்தைத் திட்டமிட்ட மேதைமை என்று மட்டும் எழுத எனக்குக் கை வராது.

#16 இளவேனில்

நான் அடுத்த மாதம் வேலை விஷயமாக ஒசாகா போகிறேன். குரே நகரத்தில் அகிஷியோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உள்ளே போக விடுவார்களா? நெய்தல் அக்கா பார்த்திருப்பீர்களே?

#17 நெய்தல்

பார்த்திருக்கிறேன் தம்பி. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவேன். அகிஷியோ இந்த வகையின் ஏழாவது கப்பல், மித்சுபிஷி கட்டியது. 1986 மார்ச்சில் சேர்ந்து 2004 மார்ச்சில் ஓய்வு பெற்றது. 2006-இல் பெரிய மிதவைக் கிரேன் வைத்து அப்படியே தூக்கிக் கரையில் வைத்தார்கள். 2007 ஏப்ரலில் அருங்காட்சியகம் திறந்தது. கடல்சார் தற்காப்புப் படையே நடத்துவது, நுழைவுக் கட்டணம் கிடையாது. எதிரிலேயே யமாத்தோ அருங்காட்சியகம் இருக்கிறது. கூட்டம் பெரும்பாலும் அங்கே போகும், நீங்கள் முதலில் இங்கே வாருங்கள்.

வெளியே நின்று பார்க்கும்போதுதான் அளவு புரியும். கடலில் பாதிக்கு மேல் மறைந்தே இருக்கும் உடல் சாலையோரம் முழுதாக நிற்கிறது. அடிவயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். முருகன் ஐயா சொன்ன அந்த வளைவு, மூக்கிலிருந்து வால் வரை எங்கும் ஒரு மூலை இல்லாமல் போவதை அங்கேதான் உணர்ந்தேன். கோபுரத்தின் இரண்டு பக்கமும் இறக்கை போல் நீட்டியிருக்கும் சுக்கான் தகடுகளையும் பாருங்கள்.

முதலில் அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கண்ணிவெடி அகற்றும் பணி பற்றிய தளம் ஒன்று இருக்கிறது, அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். போருக்குப் பிறகு ஜப்பான் கடலில் மிச்சமிருந்த கண்ணிவெடிகளைப் பல வருடம் பொறுக்கியவர்களின் கதை அது. மேலே ஏறினால் அங்கிருந்து ஒரு பாலம் வழியாக அகிஷியோவின் பக்கவாட்டில் வெட்டிய வாசலுக்குள் நுழையலாம். மூன்றடுக்குப் படுக்கைகளைப் பாருங்கள். மேலே இருக்கும் படுக்கையின் அடிப்பாகம் முகத்துக்கு மிக அருகில் இருக்கும், எழுந்து உட்கார இடமில்லை. கேப்டனுக்கு மட்டும் தனி அறை, அதுவும் ஒரு கட்டிலும் மேசையும் போட்டால் நிறைந்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் ஓட்டுநர் இருக்கை, டயல்கள், குழாய்கள் எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்தால் குரே துறைமுகம் தெரியும். நான் போகும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் குழந்தைகள் வரிசை.

படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் உள்ளே நின்று விளக்கம் சொல்வார்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் டயலைக் காட்டிக் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்கள். ஸ்னோர்கெல் பற்றி நான் கேட்டபோது ஒருவர் இரண்டு காதையும் கையால் பொத்திப் பொத்தித் திறந்து காட்டினார். ஐயா எழுதியதைப் படித்ததும் அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

#18 வெல்டிங்மணி

இளவேனில், வெளியே அடியில் நிற்கும்போது எனக்காகத் தகடுகள் சேரும் இடங்களைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. இது இரட்டை உடல் கப்பல், வெளியே தெரிவது அழுத்தம் தாங்கும் உடல் இல்லை. ஆனாலும் நுழைவாசலுக்காக வெட்டிய இடத்தில் இரண்டு உடலின் வெட்டுமுகமும் தெரிந்தால், அது கிடைத்தாலே எனக்குப் பெரிய விஷயம்.

#19 இளவேனில்

கட்டாயம் எடுத்துப் போடுகிறேன் மணி அண்ணா. அக்கா, ஒசாகாவிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியுமா?

#20 நெய்தல்

முடியும். ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்து ஹிரோஷிமா, அங்கிருந்து குரே லைன் ரயில். குரே நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ரயிலில் ஹிரோஷிமாவிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். கிளம்பும் முன் இங்கே ஒரு வரி போடுங்கள், விடுமுறையாக இருந்தால் நானே நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.